ரெண்டு பெட்டிக்கும் சரிபங்கு

பேப்பரை விரிச்சு அதுல நாலு சீப்பைப் பரப்பி வச்சமாதிரி இருந்துச்சு. பச்சைத் தகடு, ரெண்டு வெரல் அகலம், ஒரு ஓரம் பூரா தங்கப்பல்லு. "இதுதான் தாத்தா ரேமு. கம்ப்யூட்டருக்கு ஞாபகமெல்லாம் இதுலதான் நிக்கும்"னு பெட்டி மாட்ட வந்த தம்பி சொல்லிச்சு. எங்க வீட்டு அவிய சம்மணம் போட்டு உக்காந்து, ஒண்ணொண்ணாத் தூக்கிக் கண்ணுக்கிட்டக்கக் கொண்டுபோயிப் பாத்தாக. அவிய பேரை நான் வாயால சொன்னதில்லை, இனிமேயா சொல்லப்போறேன். கண்ணுல புரை விழுந்திருந்த நேரம் அது. பாக்க, ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் பல்லு பாக்கமாதிரியே இருந்துச்சு. ரெண்டு ஒரு கம்பெனி, ரெண்டு வேற கம்பெனின்னு தம்பி சொன்னதும், இதுல ஒண்ணு அதுல ஒண்ணுன்னு எடுத்து வலப்பக்கம் ஒரு கூறு, இடப்பக்கம் ஒரு கூறு வச்சாக. "இது பெரியவன் பெட்டிக்கு, இது சின்னவன் பெட்டிக்கு. சரியாட்டீ?"ன்னு என்னையப் பாத்தாக. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கிட்டு வந்துச்சு. முந்தானையை வாயில வச்சுக்கிட்டேன்.

அந்தத் தம்பி லேசாத் தலையைச் சொறிஞ்சுது. கல்யாணமாகி ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், நல்ல தொழில்காரன், மெதுவாத்தான் பேசும். "தாத்தா, ஒரே கம்பெனியில உள்ளதை ஒரே பெட்டியில போடுறதுதான் வழக்கம். மதுரையில அன்னைக்கு அதுல ரெண்டு இதுல ரெண்டுதான் இருந்துச்சு, அதான்..."ன்னுச்சு. "அப்ப இதுல எந்தக் கம்பெனிப்பா நல்லது?" "ரெண்டும் நல்லதுதான் தாத்தா." "ரெண்டும் நல்லதுன்னா எதுக்கு ரெண்டு பேரு வச்சிருக்கான்?" கொஞ்சநேரம் பேசிப் பாத்துச்சு, அப்புறம் "சரி, இப்படியும் போட்டு ஓடியிருக்கு, ஓடட்டும்"னு மாட்டிருச்சு. அவியகிட்டப் பேசி ஜெயிச்ச ஆளு யாரு? நான் நாப்பது வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன், எனக்கே முடிஞ்சதில்லை.

அவிய ஏன் அப்படின்னு சொல்லணும்லா. எங்களுக்குப் பசுவந்தனைப் பக்கம் ஊரு. ஆட்டுக்கெடை வச்சிருந்த குடும்பம். காடும் கொஞ்சம் உண்டு, மானாவாரி. மழை பேஞ்சா உளுந்து, பேயலைன்னா புழுதி. சோறு போட்டது ஆடுதான். எங்க மாமனாரு செத்தப்புறம் கெடையை அவியளும் அவிய அண்ணனும் பிரிச்சாக. தலைக்குத் தலை எண்ணித்தான் பிரிச்சாக, எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு. ஆனா சினை ஆடு பூரா அண்ணன் பக்கமாப் போயிருச்சு. தை பொறந்து பாத்தா அங்கன குட்டியாக் குதிக்குது, இங்கன மலட்டாடும் கெடாவுமா நிக்குது. இவிய போயிக் கேட்டதுக்கு, "வயித்துக்குள்ள கெடந்ததை எவம்லே எண்ணுவான்?"னு அண்ணன்காரர் சொல்லிட்டாக. அம்புட்டுத்தான், அன்னைக்கு அத்துப்போச்சு பேச்சு. எதிரெதிர் வீடு. காலையில வாசல் தெளிக்கும்போது எங்க அக்காவும் நானும், அவிய அண்ணன் பெஞ்சாதியைத்தான் சொல்லுதேன், கண்ணாலேயே சாடை பேசிக்கிடுவோம். ஆம்பளைக ரெண்டும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காம கெழக்கயும் மேக்கயுமாப் போவாக. அண்ணன்காரர் செத்து நடுவீட்டுல கெடத்தியிருக்கும்போதுதான் இவிய அந்த வாசப்படியை மிதிச்சாக. உள்ள போயி ரொம்ப நேரம் நின்னாக. திரும்பி வந்து என்கிட்டச் சொன்னாக: "ஏட்டீ, நம்ம பிள்ளைக ரெண்டும் இப்படி ஆயிரப்பிடாது."

அதுல இருந்து புடிச்சுதுய்யா ஒரு கிறுக்கு. காட்டுல ஒரு பூசணிக்காய் காய்ச்சா ரெண்டாக் கீறி, எந்தப் பக்கம் விதை கூடன்னு குனிஞ்சு பாப்பாக. ஒரு ஆடு ரெட்டைக்குட்டி போட்டா, இது பெரியவனுக்கு அது சின்னவனுக்குன்னு அன்னைக்கே காதுல அடையாளம் வெட்டிருவாக. ஒரு பக்கம் தூக்கலாப் போச்சுன்னா மறுபக்கத்துக்கு ஈடு கட்டியாகணும். சின்னவன் பெஞ்சாதி தலைப்பிரசவத்துக்கு நான் அவ வீட்டுல ஒரு வாரம் கூடத் தங்கிட்டேன்னு, பெரியவ வீட்டுக்குப் போயி ஒரு வாரம் சும்மா இருந்துட்டு வான்னு என்னைய பஸ் ஏத்தி விட்டாக. நானும் மஞ்சப்பையைத் தூக்கிக்கிட்டுப் போயி உக்காந்தேன். மூத்த மருமக என்னையப் பாத்துட்டு, "அத்தே, நீங்க ஈடு கட்ட வந்திருக்கீக, எனக்குல்லா சோறாக்குற வேலை கூடுது"ன்னா. அவ வாயி அப்படி. ஆனா மனசு கருப்பட்டி. கொழம்பு வைக்கத்தான் தெரியாது, தண்ணியாக் கெடக்கும். சின்னவ கொழம்பு நல்லாருக்கும், ஆனா உப்புப் போட மறந்துருவா. அதுவும் ஒரு சரிபங்குதான்னு வச்சுக்கிடுங்க.

அவியளுக்கு முட்டு விட்டுப்போச்சு. வெயில்ல ஆட்டுக்குப் பின்னால நடக்க முடியலை. கெடையை வித்துட்டாக. மகன் ரெண்டு பேரும் கோவில்பட்டியில தனித்தனியா வீடு புடிச்சு இருந்தானுக, ரெண்டு தெரு தள்ளி. பெரியவன் தீப்பெட்டி ஆபீஸுல வேலை. அவன் பெஞ்சாதி கல்யாணத்துக்கு முந்தியே டைப் அடிச்சுப் பழகுனவ, வீட்டு முன்னறையில கடை வைக்கணும்னு ஆசை. பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், தீப்பெட்டி லேபிளுன்னு செஞ்சு குடுக்கலாம்னா. சின்னவனும் அவன் பெஞ்சாதியும் பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கத்துக்குடுக்கணும்னு சொன்னாக. அவிய நல்லா யோசிச்சு, ஆட்டுக்குப் பதிலா ஆளுக்கொரு பெட்டின்னு முடிவு பண்ணிட்டாக. கெடையைப் பிரிக்கமாதிரிதான் பெட்டியையும் பிரிச்சாக. வயித்துக்குள்ள இருக்கதையும் எண்ணியாகணும்னு, பெட்டியை மூடுததுக்கு முந்தி உள்ள என்னென்ன இருக்குன்னு தம்பியை எடுத்துக் காட்டச் சொன்னாக. அதுலதான் அந்த நாலு சீப்பும் மாட்டிக்கிடுச்சு.

நாங்க ரெண்டு பேரும் அப்ப முறைச்சோறுதான். அமாவாசைக்கு அமாவாசை வீடு மாறுவோம். மொத முறை பெரியவன் வீடு. பெட்டி வந்த புதுசு, நான் அதுக்குத் திருநீறு பூசி, சாமந்திப்பூ வச்சு, காலையில எந்திரிச்சதும் அது முன்னால நின்னு ஒரு கும்பிடு போடுவேன். மூத்தவ அந்த எலி மாதிரி இருக்கதைப் புடிச்சு நகட்டுவா, அங்கன அம்பு நகரும். எனக்கு அதைப் பாத்துக்கிட்டே இருக்கணும். ஒரு நாள் ஒரு ஊருக் கொடை நோட்டீஸ் செஞ்சுக்கிட்டிருந்தா. மேல அம்மன் படம், கீழ வரிசையா நன்கொடை குடுத்தவுக பேரு. பொசுக்குன்னு திரை பூரா நீலமாப் போச்சு, வெள்ளை வெள்ளையா எழுத்து. பெட்டி ஒரு உதறு உதறி நின்னுச்சு. "போச்சு அத்தே!"ன்னு தலையில கைவச்சுட்டா. எல்லாப் பேரும் போச்சு. திரும்ப அடிச்சா. மத்தியானம் திரும்பவும் நீலம். சாமியாடி மாதிரி, எப்ப வரும் எப்ப மலையேறும்னு தெரியலை. சில நேரம் அவ அடிச்சு வச்சதைத் தொறந்தா உள்ள குப்பையா இருக்கும், பாதி படம் கோடு கோடாக் கெடக்கும். நோட்டீஸுக்காரக வாசல்ல வந்து நிப்பாக. "இந்தா ஆச்சு அண்ணாச்சி, காப்பி குடிங்க"ன்னு அவ சொல்லுவா. காப்பி போட்டுப் போட்டு எனக்குக் கை வலிச்சுது.

தம்பி வந்துச்சு. பெட்டியைத் தொறந்து அந்தச் சீப்பை உருவி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக அழிக்கிற ரப்பரை வச்சுத் தங்கப்பல்லைத் தேச்சுது. எனக்கு ஒரே ஆனந்தம், பல்லு வெளக்கி விடுதே இந்தத் தம்பின்னு. மாட்டுச்சு, ஓடுச்சு, மறுநா படுத்துருச்சு. சூடா இருக்கும்னு பக்கத்துல ஃபேன் வச்சாக, கரண்டு கம்மியா வருதுன்னு யுபிஎஸ் மாத்திப் பாத்தாக, விண்டோஸை அழிச்சு மொதல்ல இருந்து போட்டாக. ஒண்ணும் கேக்கலை. அப்புறம் சோதிச்சுப் பாக்கன்னு ஒரு சின்னத் தட்டைச் சொருகுச்சு. கருப்புத் திரையில எண்ணு ஓடிக்கிட்டே இருக்கும், கோளாறுன்னா நடுவுல செவப்பா வரி விழும். ஒரு சீப்பை மட்டும் வச்சு ஓட்டுனா, பொழுது அடைஞ்சாலும் செவப்பு விழலை. அதை எடுத்துட்டு மத்ததை வச்சா அதுவும் சுத்தம். பொந்தை மாத்தி வச்சாலும் சுத்தம். ரெண்டையும் சேத்து வச்சா, வெயில் ஏறுததுக்குள்ள செவப்பாக் கொட்டுது. "ஒண்ணொண்ணாப் பாத்தா ரெண்டும் நல்ல பிள்ளைக. சேந்தா அடிச்சுக்கிடுது"ன்னு தம்பி சொல்லிச்சு. அவியளுக்கு அந்தப் பேச்சு சுருக்குன்னு பட்டிருக்கும்போல. எந்திரிச்சு வெளிய போயிட்டாக.

"அப்ப ஒண்ணை மட்டும் வச்சு ஓட்டேன்ட்டீ"ன்னேன் மூத்தவகிட்ட. "ஒண்ணோட ஓட்டுனா ஒரு படம் தொறக்கதுக்குள்ள நான் கழுகுமலை போயிச் சாமி கும்பிட்டு வந்துரலாம் அத்தே"ன்னா. தம்பிக்கு லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு. ரெண்டு கம்பெனியும் சோடி சேரலை, ஒண்ணு நடக்க வேகத்துக்கு இன்னொண்ணு நடக்கலைபோலன்னு. அதே கம்பெனியில இன்னொண்ணு கெடைச்சா ஒரு உக்காருதல்ல தெரிஞ்சிரும்னுச்சு. மதுரையில கேட்டா, அந்தச் சரக்கு வரலைன்னுட்டான். இருக்கது எங்கன? ரெண்டு தெரு தள்ளி, சின்னவன் பெட்டிக்குள்ள. "அங்கன கேக்கப்பிடாது"ன்னு மூத்தவ ஒரே புடியா நின்னா. "எங்க பெட்டி மட்டும் சீக்காளின்னு தெரிஞ்சா இளக்காரமாப் போயிரும். தம்பி, நீங்களும் மூச்சு விடாதீக." என்கிட்டயும் வாக்கு வாங்கிட்டா. பெரியவன் சாப்பிட உக்காந்தவன், தட்டைப் பாத்துக்கிட்டே, "அய்யாவுக்குச் சின்னவன்தான செல்லம். பாத்துப் பாத்துத்தான் குடுத்திருப்பாக"ன்னு மொனங்குனான். அவிய கதவுக்கு அந்தப் பக்கம் நின்னாக. காதுல விழுந்திருச்சு. அன்னைக்குப் பூரா முற்றத்துக்கும் வாசலுக்குமா நடந்துக்கிட்டே இருந்தாக. முட்டு வலிக்கு நடக்கப்பிடாதுன்னு டாக்டர் சொன்னதெல்லாம் எங்க போச்சோ.

அமாவாசை வந்துச்சு. சின்னவன் வீட்டுக்குப் போறோம். உள்ள நுழையுதோம், சின்ன மருமக படக்குன்னு கம்ப்யூட்டர் மேல துண்டைப் போட்டு மூடுதா. என்னட்டீ, புள்ளையா தூங்குது, இப்படி மூடுதேன்னேன். "ஒண்ணுமில்லை அத்தே, தூசி"ன்னா. மறுநா கத்துக்கிட வந்த பிள்ளைக முன்னாலேயே துண்டோட சாயம் வெளுத்துப்போச்சு. அதே நீலம், அதே உதறல். பிள்ளைக சிரிக்குதுக, இவ "நாளைக்கு வாங்க"ங்கா. சின்னவன் அந்தத் தம்பியைக் கூப்பிடலை, அது அண்ணன் வீட்டுக்குப் போற ஆளுன்னு. வேற ஒருத்தனைக் கூட்டியாந்தான். அவன் வைரஸுன்னுட்டுப் போயிட்டான். இவளும் என் கையைப் புடிச்சா. "அத்தே, பெரிய வீட்டுல சொல்லிராதீக. அங்கன நல்லா ஓடுதுல்லா? பெரியத்தானுக்கு நல்லது போயிருக்கு, நமக்கு வாய்ச்சது இதுதான்." எனக்கு வாயைத் தொறந்தா வந்துரும்னு தண்ணியைக் குடிச்சேன். அவிய இதைக் கேட்டதும் மொதல்ல மூஞ்சியில ஒரு தெளிச்சி வந்துச்சு பாருங்க, நான் மறக்க மாட்டேன். என்னைய ஓரமாக் கூப்பிட்டு, "ஏட்டீ, ரெண்டும் ஒண்ணுபோலக் கெட்டிருக்கு. அப்ப பங்கு சரியாத்தான் இருக்கு!"ன்னாக. சிரிச்சேன், சிரிச்சேன், வயிறு புடிச்சுக்கிடுச்சு.

சிரிப்பு ரொம்ப நேரம் நிக்கலை. அவனவன் அடுத்தவனுக்கு நல்லது போச்சுன்னு நெனைக்கான், அதைப் போயி யாரு சொல்ல? எங்க மாமியா ஒரு பேச்சு சொல்லுவாக: முறைச்சோறு திங்கிறவ ஒரு வீட்டு அடுப்பை இன்னொரு வீட்டுல ஊதப்பிடாதுன்னு. ஊதுனா ரெண்டு வீட்டுலயும் சோறு கெடைக்காது. நாங்க ரெண்டு பேரும் வாயில துணியை அடைச்சமாதிரி இருந்தோம். அவிய நிக்க மாட்டாம, இருக்க மாட்டாம, காலையில சின்னவன் வீட்டுல பெட்டியைப் பாப்பாக, மத்தியானம் கடலைமிட்டாய் வாங்கப் போறேன்னு கெளம்பி பெரியவன் கடை வாசல் வழியா நடப்பாக, உள்ள எட்டிப் பாத்துட்டு வருவாக. "அங்கன என்னங்க?" "நீலம்." "இங்கனயும் நீலம்." இதுதான் எங்க பேச்சு. எதுத்த வீட்டுக்காரி, "உங்க வீட்டுத் தாத்தாவுக்குச் கடலைமிட்டாய் ஆசை ஜாஸ்தியோ, தெனமும் போறாக"ன்னு கேட்டா.

அந்த நேரத்துல சின்னவன் மகளுக்குக் காது குத்து வந்துச்சு. பத்திரிகையை எங்கன அடிக்கணும்? பெரியவ கடையிலதான? சின்னவன் வேற கடையில அடிச்சிட்டு வந்து நிக்கான். அவனைக் கேட்டா, அண்ணி கடைக்குப் போனா உன் பெட்டி எப்படி ஓடுதுன்னு கேப்பாக, என்ன சொல்ல அப்படிங்கான். பத்திரிகை பெரியவன் வீட்டுக்குப் போச்சு. பெரியவன் அதைத் திருப்பிப் பாத்தானாம், கீழ அடிச்ச கடையோட பேரைப் படிச்சானாம், "சரி, நாம யாரோதான"ன்னு அலமாரி மேல போட்டுட்டானாம். தாய்மாமன் சீரு வரிசை வந்துரும், பெரியப்பன் வருவானா வரமாட்டானான்னு ஆயிருச்சு. இது அவிய காதுக்கு வந்தப்ப நான் உளுந்து பொடைச்சுக்கிட்டிருந்தேன். அவிய என் பக்கத்துல வந்து உக்காந்தாக. "எங்க அண்ணனும் இப்படித்தான் ஆரம்பிச்சாகட்டீ. மொதல்ல மொய்யை அடுத்த ஆள்கிட்டக் குடுத்து விட்டாக. அப்புறம் மொய்யும் வரலை"ன்னாக. நான் சொளகை அப்படியே வச்சேன். எந்திரிச்சேன். செருப்பைப் போட்டேனா போடலையான்னு தெரியலை, பெரியவன் வீட்டுக்கு நடந்தேன்.

நல்லவேளை தம்பியும் அங்கன இருந்துச்சு, பெட்டியைத் தொறந்து போட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு. வாசல்ல கொடை நோட்டீஸுக்காரக ரெண்டு பேரு. நான் எல்லாருக்கும் பொதுவாச் சொல்லிட்டேன்: "நீ கேக்கியே அந்த இன்னொண்ணு, அது சின்னவன் பெட்டியில கெடக்குன்னு உனக்கே தெரியும். அந்தப் பெட்டியும் உச்சிப்பொழுதுக்கு நீலமாப் போவுது. இங்கன என்ன சீக்கோ அங்கனயும் அதே சீக்கு, சின்னவ துண்டைப் போட்டு மூடுதா." தம்பி எந்திரிச்சு நின்னுருச்சு. "ஆச்சி! அங்கனயுமா? அங்கனயுமா?" மூத்தவ ஒரு நிமிசம் என்னையவே பாத்தா. வைவாளோன்னு நெனைச்சேன். சிரிக்க ஆரம்பிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி வந்துச்சு, மேசையைப் புடிச்சுக்கிட்டா. "அவளும் துண்டைப் போட்டு மூடுனாளா? நான் சேலையைப் போட்டுல்லா மூடுனேன் அத்தே!" அந்தால, ரெண்டு சீப்பையும் கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டா, தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன் போட்டா, தெருவுல எறங்கிட்டா. பின்னால நான், எனக்குப் பின்னால தம்பி, அதுக்குப் பின்னால நோட்டீஸுக்காரக ரெண்டு பேரும். கல்யாண ஊர்வலம் தோத்துச்சு.

சின்னவன் வீட்டுல மறுபடியும் பேப்பர் விரிச்சாச்சு, நாலு சீப்பும் பேப்பர்ல. சின்னவ அழுவுதா சிரிக்குதான்னு தெரியலை, மூத்தவ தோளைக் கட்டிக்கிட்டு நிக்கா. தம்பி ஒரே கம்பெனி ரெண்டை ஒரு பெட்டியில மாட்டி, அந்தச் சோதனையை ஓட்டுச்சு. வெயில் நல்லா ஏறுன பொழுது. எல்லாரும் மூச்சை அடக்கிக்கிட்டுப் பாக்கோம். செவப்பு விழலை. மத்த ரெண்டையும் மாட்டுச்சு, அதுலயும் விழலை. "ரெட்டைக்குட்டியைப் பிரிச்சு ஆளுக்கொண்ணு குடுத்த கதைதான் தாத்தா. பிரிச்சா கத்துது, சேந்தா அமைதியா நிக்குது"ன்னுச்சு தம்பி. ஆடு மேய்ச்ச வீட்டுல எப்படிச் சொல்லணும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. அவியளுக்குப் புரிஞ்சுது. புரிஞ்சதும் அடுத்த கேள்வி கேட்டாக பாருங்க: "அப்ப ஒருத்தனுக்கு இந்தக் கம்பெனி, இன்னொருத்தனுக்கு அந்தக் கம்பெனி. எது ஒசத்தி?" ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். தம்பிக்குப் பொய் சொல்ல வரலை. "ஒரு சோடி கொஞ்சம் விரசா ஓடும், லேசாத்தான்"னுருச்சு. சொன்ன பெறகுதான் எல்லார் மூஞ்சியையும் பாத்துச்சு. எதுன்னு கேட்டதுக்கு, "அது மறந்துபோச்சு"ன்னு பையில எதையோ தேட ஆரம்பிச்சுது.

அதுக்குள்ள பெரியவனும் சைக்கிளைப் போட்டுட்டு உள்ள வந்துட்டான், வேர்த்து வடியுது. அண்ணனும் தம்பியும் ஒரே அறையில நின்னு எத்தனை நாளாச்சோ. அவிய தொண்டையைச் செருமிக்கிட்டு, "நம்ம வழக்கம் இருக்கு. மூத்தவன் பிரிக்கணும், இளையவன் எடுக்கணும்"னாக. பிரிக்கதுக்கு என்ன இருக்கு, சோடி சோடியாத்தான் இருக்கு. பெரியவன் குனிஞ்சு ரெண்டு சோடியையும் லேசா விலக்கி வச்சான். "எடுடா"ன்னான். சின்னவன் கையைக் கட்டிக்கிட்டு, "நீ எடுண்ணே"ன்னான். "உனக்குத்தான முறை, எடு." "நீ மூத்தவன், நீ எடு." "நான் எடுத்தா நாளைக்கு ஒரு பேச்சு வரும்." "நான் எடுத்தா மட்டும் வராதா?" அன்பாப் பேசுதமாதிரி இருக்கும், கேக்கக் கேக்கச் சத்தம் கூடுது. ஒருத்தருக்கும் வேண்டாங்கதுல ஒரு சண்டை வரும் பாருங்க, வேணுங்கதுல வர்றதைவிட அது மோசம். அவிய சுவத்தைப் புடிச்சுக்கிட்டாக. எனக்குச் சிரிப்பெல்லாம் எங்கயோ ஓடிப்போச்சு. மூத்த மருமகதான் நடுவுல வந்தா. "என்னமாப் பேசுதீக ரெண்டு பேரும், வாசல்ல ஆளு நிக்குது. அம்மனுக்குக் கொடை உங்களுக்காகக் காத்திருக்குமா?"ன்னு படக்குன்னு ஒரு சோடியை அள்ளி முடிஞ்சுக்கிட்டா. "மிச்சம் இருக்கது உங்களுக்கு. தம்பி, மொதல்ல அவ பெட்டியில மாட்டிட்டு எங்கிட்ட வாங்க"ன்னு தெருவுல எறங்கிட்டா. முடிஞ்சுபோச்சு! பெரியவன்தான் மொதல்ல சிரிச்சான். "உங்க அண்ணி பங்கு பிரிச்சா கோர்ட்டே வேண்டாம்டா"ன்னான். ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல டீக்கடைக்குப் போனானுக. காது குத்தி முடிஞ்சதும் தாய்மாமன் மடியில இருந்து எறங்கி, பெரியப்பன் மடியிலதான் அந்தப் பிள்ளை உக்காந்துச்சு.

நான் ஒண்ணு பாத்தேன். அன்னைக்கு எடுக்கும்போது மூத்தவ கை மொதல்ல கிட்டக்க இருந்த சோடி மேல போச்சு. போயி நின்னுச்சு. அதைத் தாண்டி, எட்டத்துல இருந்ததை எடுத்துச்சு. அவசரத்துல எடுக்கவ எதுக்குத் தாண்டி எடுக்கணும்? எனக்கு எழுத்தும் தெரியாது, எந்தக் கம்பெனி எதுன்னும் தெரியாது. அதனால பேசாம இருந்துட்டேன். பெட்டி ரெண்டும் அப்புறம் நல்லா ஓடுச்சு. அவியதான் ஓயலை. இன்னைக்கு நிக்கும், நாளைக்கு நிக்கும்னு பெட்டி முன்னால உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாக. அது நிக்கலைன்னு ஆனதும் அடுத்த கவலை, நல்ல சோடி யாருக்குப் போச்சுன்னு. தம்பியைத் தெருவுல மறிச்சுக் கேப்பாக, அது வண்டியைத் திருப்பிக்கிட்டு ஓடும். கண்ணு ஆப்பரேசன் பண்ணி வந்த மறுநாளே பெட்டியைத் தொறந்து காட்டச் சொன்னாக. மூத்தவ தொறக்கலை, சீல் வச்சாச்சுன்னுட்டா. கடைசிக் காலத்துல படுக்கையில கெடக்கும்போதுகூட, நான் கஞ்சி ஊட்டப் போனா, "எதுட்டீ ஒசத்தி, யாரு எடுத்தா?"ன்னு கேட்டாக. "தெரியலைங்க, கஞ்சியைக் குடிங்க"ன்னேன்.

இப்ப முறையெல்லாம் இல்லை. தோணுன வீட்டுல இருக்கேன். மூத்தவ கடை பெருசாயிருச்சு, ஆளு ஒசரத்துக்குப் படம் அடிக்கிற மிசினு வச்சிருக்கா, கொடைக்கெல்லாம் இப்ப நோட்டீஸு இல்லை, ரோட்டுல பெரிய போர்டுதான். போன வாரம் மத்தியானம் கரண்டு இல்லாம ரெண்டு பேரும் உக்காந்து வெத்தலை போட்டோம். கேட்டுப்பிட்டேன்: "ஏட்டீ, அன்னைக்குக் கிட்ட இருந்ததைத் தாண்டி எடுத்தியே, தெரிஞ்சுதான எடுத்தே?" அவ சுண்ணாம்பைத் தடவிக்கிட்டே, "பாத்தீகளாக்கும்"ன்னா. "கிட்ட இருந்ததுதான் விரசா ஓடுதது அத்தே. மேல ஒட்டியிருந்த சீட்டுலயே போட்டிருந்துச்சு." "அப்ப ஏன்ட்டீ கொறைஞ்சதை எடுத்தே?" "என் வாயி உங்களுக்குத் தெரியாதா? நல்லதை எடுத்திருந்தேன்னு வைங்க, என்னைக்காவது ஒரு நாளு கோவத்துல அவகிட்டச் சொல்லிக் காட்டியிருப்பேன். கொறைஞ்சதை எடுத்தா சொல்லிக் காட்ட என்ன இருக்கு, எங்கிட்ட இருக்கது மட்டம்னு நானே சொல்ல வெக்கம்ல?" சொல்லிட்டு வெத்தலையை மடிச்சு எனக்கு ஒண்ணு குடுத்தா. "உங்க மாமாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல, எப்படித் தவிச்சாக"ன்னேன். "நல்லா சொன்னீக"ன்னு கையை உதறுனா.

அதுவும் சரிதான். அவிய காதுல மட்டும் இது விழுந்திருந்தா, மூத்தவளுக்குக் கொறைஞ்சு போச்சேன்னு அன்னைக்குப் பொழுது சாயுததுக்குள்ள அவ கடை வாசல்ல ஈடுன்னு ஒரு சினை ஆட்டைக் கொண்டாந்து கட்டியிருப்பாக.